பாட்டிலுக்குள் புகை

சித்திரை லீவுக்கு வந்த பேரன் ஒரு பார்பிக்யூ சாஸ் பாட்டிலும் கொண்டாந்திருந்தான். கண்ணாடியை மாட்டிக்கிட்டு லேபிளைப் படிச்சேன். எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவாங்க. முதலில் சர்க்கரை, தக்காளி விழுது மூணாவது. கடைசியில் 211, அதாவது சோடியம் பென்சோயேட். புகை வாசத்துக்குக்கூட எசென்ஸ்!

என் தோட்டத்திலோ தக்காளி செடியிலேயே அழுகிக்கொண்டிருந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் 14 கிலோ பெட்டி 60 ரூபாய். பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் போனால் கைக்காசுதான் நட்டம்.

"வா சாமி, நாமளே காய்ச்சுவோம்"னு அவனோட போய் 5 கிலோ பறிச்சேன். வேகவச்சு, தோலுரிச்சு, மசிச்சு, விறகடுப்பில் பாதியாகச் சுண்டவிட்டோம். அப்புறம் கருப்பட்டி, புளிக்கரைசல், பூண்டு, மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, உப்பு. கருப்பட்டி கரைஞ்சதும் அசல் பாட்டில் நிறம். புகைக்கு, கனிந்த கொட்டாங்குச்சிக் கரியை ஒரு கிண்ணத்தில் போட்டு சட்டிக்குள் வச்சு, ரெண்டு சொட்டு நெய் விட்டு மூடிட்டோம்.

கோழி முக்கால்வாசி வெந்த பிறகுதான் சாஸைத் தடவணும். இல்லாட்டி கருப்பட்டி கருகிரும். முதல் துண்டு அப்படித்தான் எனக்குப் போச்சு.

ஒரு பாட்டிலை அலமாரியிலேயே மறந்துட்டேன். பத்தாம் நாள் வெள்ளைப் பூசணம். 211 எதுக்குன்னு அப்பத்தான் புரிஞ்சது. இன்னொண்ணு பேரனோட சென்னை ஃபிரிட்ஜுக்குப் போச்சு.

போன வாரம் போன் பண்ணினான்: "சாஸ் தீந்துருச்சு தாத்தா, இன்னும் தக்காளி இருக்குல்ல?"

அதுக்குள்ள டிராக்டர் விட்டு உழுதிருந்தேன்.