பன்னிரண்டு சுரங்களும் எங்கள் வட்டமும்

நான் பள்ளிக்கூடத்தில் மேலைத்தேய சங்கீதம் கற்பிப்பவள். 2007 மார்ச்சில் கொக்கட்டிச்சோலையிலிருந்து இடம்பெயர்ந்து, வாவியைக் கடந்து வந்து, சில மாதங்கள் முகாமில் இருந்தோம். திரும்பிப் போனபோது வீட்டின் சுவர் இருந்தது, கூரை இல்லை. அதை இசையில் சொல்ல வேண்டுமென்று எனக்கு வெகுநாள் ஆசை. ஆனால் எந்த மெட்டைத் தொடங்கினாலும் அது ஆதார சுருதியில் போய் இதமாக முடிந்துவிடும். எங்கள் கதை அப்படி முடியவில்லையே!

ஒஸ்ரிய இசையமைப்பாளர் ஆர்னல்ட் ஷோன்பேர்க் 1920களில் வகுத்த பன்னிரு சுர முறை எனக்குக் கைகொடுத்தது. வெள்ளையும் கறுப்புமாக உள்ள பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையாக அடுக்க வேண்டும். எல்லாம் ஒலித்து முடியும்வரை எதுவும் மறுபடி வரக்கூடாது. எந்தச் சுரமும் தலைமை தாங்காது. வரிசையைப் பின்னிருந்து முன்னாகவும் வாசிக்கலாம். தமது 25ஆம் இலக்கப் பியானோத் தொகுப்பில் இப்புது முறையை அவர் மினுவெற் போன்ற பழைய நடன வடிவங்களுக்குள் வைத்தார். யூதர் என்பதால் 1933இல் ஜேர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தவர் அவர்.

பன்னிரண்டு என்ற கணக்கு எமக்கும் புதிதல்ல. எங்கள் சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட 'யாழ் நூல்', பழந்தமிழிசையின் சுரங்களைப் பன்னிரண்டு வீடுகளில் வைத்து ஆராய்கிறது.

ஷோன்பேர்க்கின் விதி எங்கள் பெண்கள் கூட்டத்தை நினைவூட்டியது. அங்கும் எல்லோரும் ஒரு தடவை பேசும்வரை யாரும் இரண்டாம் தடவை பேசுவதில்லை. இல்லாவிட்டால் கதைக்கத் தெரிந்தவர்களே கதைத்துக்கொண்டிருப்போம்.

நானும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் மினுவெற் ஒன்றை எழுதினேன். முதற் பகுதி, நடுப் பகுதி, மீண்டும் முதற் பகுதி என்பது அதன் வடிவம். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. போனபடியே திரும்பி வந்ததாக எப்படி எழுதுவது? கடைசியில் அங்கே வரிசையைப் பின்னிருந்து முன்னாக எழுதினேன். அதே சுரங்கள்தான், அதே மெட்டு இல்லை.

அதைக் கூட்டத்தில் ஓர்கனில் வாசித்துக் காட்டினேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. தன் முறை வரும்போதெல்லாம் "பிறகு சொல்றன்" என்று விலகிவிடும் ஓர் அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"இது முடியாத மாதிரிக் கிடக்கு டீச்சர். என்ட மகன்ட விசயம் போல."

காணாமற்போன மகனைப் பற்றி அவர் எங்களிடம் பேசியது அன்றுதான். அவர் சொல்லி முடியும்வரை நாங்கள் ஒருவரும் குறுக்கே பேசவில்லை.