மாத்திரையை மறுத்த மங்கையர்

ஜப்பான் நாட்டின் மேற்குக் கடலோரத்தில், பனிப்பொழிவு மிகுந்த துறைமுக நகரம் நீகாத்தா. அங்குள்ள மருத்துவமனையொன்றில் பணியாற்றிய ஓகினோ கியுசாக்கு என்னும் மகப்பேறு மருத்துவர், 1924-ஆம் ஆண்டில் தம் நெடுநாளைய ஆய்வின் முடிவை வெளியிட்டார். பெண்ணின் உடலில் கருமுட்டை வெளிப்படும் நாளைக் கடந்துபோன மாதவிலக்கிலிருந்து எண்ணுவது பொருந்தாது. வரவிருக்கும் மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அது பன்னிரண்டு முதல் பதினாறு நாட்களுக்கு முன்பு நிகழ்கிறது என்பதே அம்முடிவு. 1930-இல் அது ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹெர்மன் க்னௌஸ் என்பவரும் அதை ஒத்த முடிவுக்கு வந்திருந்தார். குருத்துவக் கல்லூரியில் அறநெறி இறையியல் பயின்றோர் அனைவரும் 'ஓகினோ - க்னௌஸ் முறை' என்னும் தொடரை அறிவர். நாமும் தேர்வுக்காக அதனை மனனம் செய்தோம். அப்பெயருக்குப் பின்னிருந்த மனிதரைப் பற்றி நம் பாடநூல்கள் பேசவில்லை.

அம்மனிதர் தம் கணக்கை வகுத்தது குழந்தைப்பேறு வேண்டிய பெண்களுக்காக. அதனைத் தலைகீழாகத் திருப்பிக் கருவுறாமலிருக்கப் பயன்படுத்துவதை அவர் விரும்பவில்லை. கணக்குப் பிழைத்தால் வேண்டாத கரு உருவாகும். அக்கரு கலைக்கப்படும் என்பது அவரது அச்சம். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவத் தாதியருக்கு ஆற்றிய உரையில், தக்க காரணங்கள் இருப்பின் தம்பதியர் கருவுறா நாட்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்று விளக்கினார். இவ்வாறு ஜப்பானிய மருத்துவர் ஒருவரின் நாட்கணக்கு, அவர் எண்ணியே பாராத வகையில், உலகெங்குமுள்ள கத்தோலிக்க இல்லங்களுக்குள் நுழைந்தது.

அண்மையில் நம் பங்கில் குடும்ப வாழ்வு பற்றிய கூட்டமொன்று நடைபெற்றது. அதில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, "சாமி, ஜப்பான்ல கருத்தடை மாத்திரையைப் பெண்களே வேண்டாம்னு ஒதுக்கிட்டாங்களாமே! நம்ம திருச்சபை சொல்றதை அந்த ஊர்ப் பெண்கள் சொல்லாமலே செய்றாங்க பாத்தீங்களா?" என்றார். கூட்டத்தில் மகிழ்ச்சிக் குரல் எழுந்தது. அவர் கூறிய செய்தி பொய்யன்று. 2019-இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட கணக்கின்படி, ஜப்பானில் கருவுறும் வயதுடைய பெண்களுள் மாத்திரை உட்கொள்வோர் நூற்றுக்கு மூவர்கூட இலர். ஆயினும் அந்த மகிழ்ச்சியில் நம்மால் பங்குகொள்ள இயலவில்லை. அதன் காரணத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் வரலாறு. 1922-இல் அமெரிக்கக் கருத்தடை இயக்கத்தின் தலைவி மார்கரெட் சாங்கர் ஜப்பானுக்கு வந்தபோது, பொதுமேடையில் கருத்தடை பற்றிப் பேசலாகாது என்ற நிபந்தனையின் பேரிலேயே அரசு அவரை உள்ளே விட்டது. போர் வெறி கொண்ட அரசுக்குப் படைவீரர் வேண்டும். தாய்மார் பெற்றுத் தர வேண்டும். 1945-இல் தோல்வி வந்தது. நகரங்கள் சாம்பலாயின. அயல்நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் திரும்பி வந்தனர். உண்ண உணவில்லை. முந்நாள்வரை பெற்றுத் தரச் சொன்ன அதே அரசு, 1948-இல் 'இன மேம்பாட்டுப் பாதுகாப்புச் சட்டம்' ஒன்றை இயற்றிக் கருக்கலைப்புக்கு வழி திறந்தது. 1949-இல் வறுமையும் போதிய காரணமாக ஏற்கப்பட்டது. 1952-இல் குழுவின் ஒப்புதல் தேவையில்லை, குறிப்பிட்ட மருத்துவரின் முடிவே போதும் என்றாயிற்று. விளைவு என்ன? 1955-ஆம் ஆண்டில் பதிவான கருக்கலைப்புகள் மட்டும் 11 இலட்சத்து 70 ஆயிரம். 1947-இல் ஒரு பெண்ணுக்கு 4.5 என்றிருந்த பிள்ளைப்பேறு, பத்தே ஆண்டுகளில் 2 என்ற அளவுக்குச் சரிந்தது. அதே சட்டத்தின் பேரால் ஊனமுற்றோரும் மனநலம் குன்றியோரும் என ஏறத்தாழ 25 ஆயிரம் பேர் மலடாக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இசைவு கேட்கப்படாதவர். அது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2024 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் நடந்தேறியபோது கருத்தடை மாத்திரை என்றொரு பொருள் அந்நாட்டில் இல்லை என்பதை நினைவிற் கொள்க. மாத்திரை வந்தால்தான் குடும்பம் சுருங்கும் என்று எண்ணுவோர்க்கு மற்றொரு செய்தியும் உண்டு. நம் பிரபவ முதலான அறுபதாண்டுச் சுழற்சியைப் போன்றே ஜப்பானியர்க்கும் ஒரு சுழற்சி உள்ளது. அதில் 'நெருப்புக் குதிரை' ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்பது பழைய மூடநம்பிக்கை. 1965-இல் பதினெட்டு இலட்சத்துக்கு மேல் பிறந்த குழந்தைகள், நெருப்புக் குதிரை ஆண்டாகிய 1966-இல் பதின்மூன்று இலட்சத்து அறுபதாயிரமாகக் குறைந்தன. அடுத்த ஆண்டே எண்ணிக்கை மீண்டும் ஏறிற்று. மனித மனம் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அதற்கு மாத்திரை தேவைப்படுவதில்லை போலும்.

அமெரிக்காவில் 1960-இல் அனுமதி பெற்ற மாத்திரை, ஜப்பானில் 1999 ஜூன் வரை கருத்தடைக்கென அனுமதிக்கப்படவில்லை. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் மறுப்புக்குக் கூறப்பட்ட காரணங்கள் மாறிக்கொண்டே இருந்தன. முதலில் தாலிடோமைடு என்னும் மருந்தால் கைகால் குறையுற்றுப் பிறந்த குழந்தைகளின் துயரம். அவ்வாறு சான்றளிக்கப்பட்டோர் மட்டும் முந்நூற்றுக்கு மேற்பட்டவர். அடுத்து வயிற்றுப்போக்குக்குத் தரப்பட்ட குயினோஃபார்ம் மருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் நரம்புகளைச் சிதைத்தது. 1970-இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மினமாட்டா விரிகுடாவில் பாதரசம் கலந்த மீனை உண்டு முடங்கிப்போன மீனவக் குடும்பங்களின் படங்களை உலகமே கண்டது. இத்தனையையும் கண்ணுற்ற ஒரு தலைமுறைத் தாய்மார், நலமாயிருக்கும் உடலுக்குள் நாள்தோறும் ஒரு வேதிப்பொருளை ஏன் செலுத்த வேண்டும் என்று கேட்டதில் வியப்பில்லை. 1992-இல் வேறொரு காரணம்: மாத்திரை வந்தால் ஆணுறை கைவிடப்படும், எய்ட்ஸ் பரவும் என்றனர். அதன்பின் ஆறுகளில் கலக்கும் இயக்குநீர்கள் பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது.

ஆனால் 1999 ஜனவரியில், ஆண்களின் ஆண்மைக்குறைவுக்கான வயாக்ரா மாத்திரை, விண்ணப்பித்த ஆறே மாதங்களில் அனுமதி பெற்றது. பெண்களுக்கு நாற்பதாண்டு, ஆண்களுக்கு ஆறு மாதம்! ஜப்பானியப் பெண்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஜூனிலேயே கருத்தடை மாத்திரைக்கும் அனுமதி வந்தது. அந்தச் சினம் நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். அதனை ஒப்புக்கொள்வதற்கு ஒருவர் மாத்திரையை ஆதரிக்க வேண்டிய கட்டாயமில்லை. கருக்கலைப்பினால் வருவாய் பெற்ற மருத்துவர்களுக்கு மாத்திரை இடையூறாக இருந்தது என்பதையும், அவர்தம் சங்கத்தின் செல்வாக்கையும், டியானா நோர்கிரென் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2001-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். 'கருத்தடைக்கு முன்னரே கருக்கலைப்பு' என்னும் பொருளுடைய அந்நூலின் தலைப்பே ஒரு நாட்டின் கதையைச் சொல்லிவிடுகிறது.

பெண்கள் அனைவரும் ஒரே குரலில் பேசினர் என்று கொள்வதும் தவறு. 1972-இல் தோன்றிய ஓர் அமைப்பைச் சார்ந்த பெண்கள், இளஞ்சிவப்புத் தலைக்கவசம் அணிந்து வீதிகளில் இறங்கி மாத்திரையைக் கேட்டுப் போராடினர். அதே காலத்துப் பெண் விடுதலை இயக்கத்தினர் பலரோ, 'சுமையைப் பெண்ணுடல் மீதே ஏற்றிவிட்டு ஆண் விலகி நிற்க ஒரு கருவி இது' என்று அதனை ஐயுற்றனர். அவ்வையம் திருமறைக் கல்வியிலிருந்து பிறந்ததன்று. ஜப்பானில் கத்தோலிக்கர் நூற்றுக்கு அரை விழுக்காடுகூட இலர். எனினும் 1968-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 'ஹுமானே வீத்தே' என்னும் சுற்றுமடலில், கருத்தடைக்குப் பழகிய கணவன் மனைவியின் உடல் உள்ள நலனை மறந்து அவளைத் தன் இன்பத்துக்கான கருவியாகக் கருதக்கூடும் என்று எச்சரித்ததை அறிந்தோர், இவ்விரு குரல்களும் எங்கோ ஒரு புள்ளியில் சந்திப்பதை உணர்வர்.

அனுமதி கிடைத்த பின்னும் பெரும்பாலோர் மாத்திரையை நாடவில்லை. பக்கவிளைவு பற்றிய அச்சம் முதற்காரணம். இவ்வச்சத்தில் ஒரு விந்தையும் உண்டு. மாதவிலக்குக் கோளாறுகளுக்கென 1950-களின் இறுதியிலேயே அனுமதிக்கப்பட்டிருந்த வீரியம் மிகுந்த மாத்திரைகளைப் பல பெண்கள் மறைமுகமாகக் கருத்தடைக்கு உட்கொண்டு வந்தனர். அவற்றின் குமட்டலும் தலைவலியும் செவிவழியாகப் பரவின. பின்னர் வந்த வீரியம் குறைந்த மாத்திரை முன்னதன் கெட்ட பெயரைச் சுமந்தது. அடுத்த காரணம் நாணம். திருமணமாகாத பெண் மகளிர் மருத்துவரிடம் செல்வதை அயலார் கண்டால் என்ன நினைப்பர்? மாத்திரை உட்கொள்பவள் ஒழுக்கமற்றவள் என்ற எண்ணம் நெடுநாள் நிலைத்தது. செலவும் உண்டு: மருத்துவக் காப்பீடு ஏற்காததால் மாதந்தோறும் இரண்டாயிரம் மூவாயிரம் யென் கையிலிருந்து தர வேண்டும்.

ஆகவே ஜப்பானியத் தம்பதியர் பெரிதும் நம்பியது ஆணுறையையே. கருத்தடையை மேற்கொள்வோருள் முக்கால் பங்கினர் அளவுக்கு அதனைச் சார்ந்திருந்தனர். இங்கேதான் நம் ஆசிரியரின் மகிழ்ச்சி தடுமாறுகிறது. மாத்திரையை மறுத்த பெண், தன் உடலைப் பற்றிய முடிவை அன்றிரவு கணவன் கொள்ளும் மனநிலைக்கு விட்டுக்கொடுத்தாள். அவன் மறந்தாலோ மறுத்தாலோ, மருத்துவமனைக்குச் செல்பவள் அவளே. அங்கும் கருக்கலைப்புக்குக் கணவனின் ஒப்பம் வேண்டும் என்பது சட்டம். 1996-இல் பழைய சட்டத்தின் இன மேம்பாட்டுப் பகுதிகள் நீக்கப்பட்டபோதும் அவ்விதி நீங்கவில்லை. இதனை நம் போதனையின் வெற்றி என்று எவ்வாறு கொண்டாடுவது?

மறுபுறம், மாத்திரை மலிந்தால் கருக்கலைப்பு ஒழியும் என்று வாதிடுவோர்க்கும் ஜப்பான் எளிதில் துணை நிற்பதில்லை. 1955-இல் பதினொன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை, மாத்திரை வருமுன்னரே 1990-களின் இறுதியில் மூன்று இலட்சத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டது. 2022-இல் ஒன்றேகால் இலட்சத்துக்கும் கீழே வந்தது. பிள்ளைகளும் குறைந்தனர், 2024-இல் ஒரு பெண்ணுக்கு 1.15 என்பது பிள்ளைப்பேற்றின் அளவு.

கத்தோலிக்கப் பெண்களின் நிலையை எண்ணும்போது நம் உள்ளம் கனக்கிறது. சிறுபான்மையினும் சிறுபான்மையாகிய அவர்களுள் பலருக்குக் கணவர் கிறிஸ்தவரல்லர். இயற்கைவழி முறை இருவர் சேர்ந்து சுமக்க வேண்டிய நுகம். ஜப்பானிய மருந்துக்கடைகளில் பெண்களுக்கென்றே தனி வெப்பமானி கிடைக்கும். காலையில் கண்விழித்ததும் உடல் வெப்பத்தைக் குறித்து வைக்கும் வழக்கமும் அங்குப் பரவலாக உண்டு. குறிப்பதற்குத் தடையில்லை. குறித்ததை மதிப்பதற்கு ஒரு கணவன் வேண்டும். அவன் நம் ஞாயிறு மறையுரையைக் கேட்டதில்லை. கேட்கும் கணவர் மட்டும் மதித்துவிடுகின்றனரா என்ற கேள்வியை இங்கே விரிக்கவில்லை. ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்திருக்கும் குருக்கள் அறிவர்.

2008-இல் மாதவிலக்குக் கால வலிக்கென ஒரு மாத்திரைக்குக் காப்பீட்டு அனுமதி கிடைத்ததிலிருந்து, இளம்பெண்கள் மாத்திரையை மருந்தென அறிந்து அணுகுகின்றனர். நோய் தீர்க்கும் நோக்குடன் உட்கொள்வதைத் திருச்சபை தவறென்று கூறவில்லை. 'ஹுமானே வீத்தே'யின் பதினைந்தாம் பத்தி இதனைத் தெளிவாக்குகிறது. நம் பங்குகளிலும் வலியால் துடிக்கும் பெண்ணிடம் 'மாத்திரை பாவம்' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவோர் அப்பத்தியைப் படித்தல் நலம். உறவுக்குப் பின் உட்கொள்ளும் அவசர மாத்திரைக்கு 2011-இல் அனுமதி தரப்பட்டது. மருத்துவர் சீட்டின்றி அதனை விற்க 2025 அக்டோபரில் இசைவு வழங்கப்பட்டது. இது வேறு வகையான கேள்வி. தனியே எழுதத்தக்கது.

இறுதியாக ஒன்று. டோக்கியோவின் ஸோஜோஜி கோவிலிலும் காமகுராவின் ஹஸேதேரா கோவிலிலும், சிவப்புக் குல்லாயும் கழுத்துத் துணியும் அணிந்த சிறுசிறு கற்சிலைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. குழந்தைகளைக் காக்கும் ஜீஸோ என்னும் பௌத்தத் திருவுருவம் அது. கருவில் இழந்த குழந்தைகளுக்கு 'மிஸுகோ', அதாவது 'நீர்க்குழந்தை' என்று பெயர். அவர்களுக்கான வழிபாடு 1970-களில் பெருகிற்று; சிச்சிபு மலைப்பகுதியில் 1971-இல் இதற்கென்றே ஒரு கோவில் எழுந்தது. இறந்த கரு பழிவாங்கும் என்று அச்சுறுத்திப் பணம் பறித்தவர்களும் உண்டு. 1997-இல் ஹெலன் ஹார்டேக்கர் எழுதிய நூல் அவ்வாணிகத்தைக் கடுமையாகச் சாடுகிறது. ஐந்தாண்டுகள் முன்னதாக வில்லியம் லாஃப்ளூர் எழுதிய நூலோ, துயரத்துக்கு ஒரு வடிகாலாக அதனைப் பரிவோடு நோக்குகிறது. நாம் இருவரையும் ஓரளவு நம்புகிறோம். சட்டம் அனுமதித்தது, மருத்துவர் செய்தார், கணவர் ஒப்பமிட்டார். ஆயினும் அப்பெண்களின் மனச்சான்று அது குழந்தைதான் என்று கூறிக்கொண்டே இருந்தது. இதனை அவர்களுக்குக் கற்பித்தவர் நாமல்லர்.

1995-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலில், கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களை நோக்கித் தனியே சில சொற்கள் எழுதினார். நம்பிக்கை இழக்கவேண்டாம், இரக்கமுள்ள தந்தை ஒப்புரவில் காத்திருக்கிறார், குழந்தையை அவரிடம் ஒப்படைக்கலாம் என்பது அவற்றின் சாரம். அச்சொற்கள் சென்று சேராத அக்கோவில் முற்றங்களில், சிறு மரப்பலகைகளில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுவது வழக்கம். அவற்றுட் பல, பிறவாத குழந்தையிடம் மன்னிப்புக் கேட்பவை. பெயர் ஏதுமின்றி, 'தாய்' என்று மட்டும் ஒப்பமிட்டவையும் அங்கே தொங்குகின்றன.