இந்தியா – சிங்கப்பூர் வழி

பெங்களூர் பிரிகேட் ரோடில் 1996இல் ஒரு காபிக் கடை திறந்தது. காபி அங்கே இரண்டாம் பட்சம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இன்டர்நெட் பார்க்கலாம் என்பதுதான் கவர்ச்சி. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டு முழுசாக ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். அதுதான் 'கஃபே காபி டே'யின் முதல் கடை. பிற்பாடு கம்ப்யூட்டர் போய் காபி மட்டும் மிஞ்சியது வேறு கதை.

அந்தக் கடையைப் பார்த்தோ பார்க்காமலோ, அடுத்த சில வருஷங்களில் சிவாஜிநகர், ஜெயநகர், மல்லேஸ்வரம் என்று சந்துக்குச் சந்து 'சைபர் கஃபே' போர்டு முளைத்தது. பிளைவுட் தடுப்பு, அதற்கு ஒரு துணித் திரை, உள்ளே ஒரு நாற்காலி. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் போதும். யார் வந்தார், எதைப் பார்த்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. வேலைக்கு மனுப் போட்டவர்களும், காதல் கடிதம் எழுதியவர்களும், வீட்டில் பார்க்க முடியாததைப் பார்த்தவர்களும் அடுத்தடுத்த தடுப்புகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

கர்நாடக அரசு 2004இலேயே இதற்கு விதி போட்டது. 2011இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் போட்டது. அடையாள அட்டை இல்லாமல் உட்கார விடக்கூடாது. வந்தவர் பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரு வருஷம் பாதுகாக்க வேண்டும். தடுப்பின் உயரம்கூடச் சட்டத்தில் இருக்கிறது: தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது. தடுப்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே இதன் பொருள்.

இன்று அந்தக் கடைகளைத் தேடினால் ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று வேறு தொழிலில் இருக்கின்றன. இன்டர்நெட் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்தத் துணித் திரை மீதான ஆசை போகவில்லை. வி.பி.என். என்று இன்று எல்லோர் வாயிலும் அடிபடுகிற 'வர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க்' அந்தத் திரையின் வாரிசு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த வாரிசின் பூர்வீகத்தையும் பெங்களூரிலேயே பார்க்கலாம். மில்லர்ஸ் ரோடில் சோனா டவர்ஸ் என்ற கட்டடம். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி இங்கேதான் வந்து இறங்கியது. பெங்களூரில் எழுதும் மென்பொருளை அமெரிக்காவுக்கு அனுப்பத் தனியாக ஒரு செயற்கைக்கோள் இணைப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கியது. அதற்கான சாதனம் மாட்டு வண்டியில் ஏற்றி வரப்பட்ட போட்டோ, இந்த நகரத்தின் கம்ப்யூட்டர் புராணத்தில் முதல் படம். தன் ரகசியம் தன் கம்பியில் மட்டும் போக வேண்டும் என்று நினைத்த கம்பெனி, அதற்குப் பெரும் பணம் கொடுத்தது.

எல்லாக் கம்பெனிகளுக்கும் அது கட்டுப்படியாகுமா? தனிச் சாலை போட முடியாதவர்கள் பொதுச் சாலையிலேயே ஒரு சுரங்கம் தோண்டினால் என்ன என்ற யோசனை 1990களில் வந்தது. மைக்ரோசாஃப்டில் 1996இல் இதற்கு ஒரு முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் குர்தீப் சிங் பால் என்ற இந்தியர். கம்பெனிகளுக்காகப் பிறந்த அந்தச் சுரங்கம்தான் இப்போது கோரமங்களா விடுதியில் தங்கியிருக்கும் பையனின் போனில் ஒரு பொத்தானாக இருக்கிறது.

சுரங்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஓசூர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஓசூரில் வீடு என்று தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பெங்களூரில் இருக்கும் நீங்கள் ஒரு கடிதம் எழுதுகிறீர்கள். அதை அப்படியே இங்கே தபால் பெட்டியில் போடாமல், இன்னொரு உறைக்குள் வைத்து ஒட்டி, ஓசூரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்புகிறீர்கள். மாமா வெளி உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதை ஓசூர் பெட்டியில் போடுகிறார். உங்கள் தெருத் தபால்காரருக்குத் தெரிவது, நீங்கள் மாமாவுக்குக் கடிதம் போட்டீர்கள் என்பது மட்டும். பெறுகிறவருக்குத் தெரிவது ஓசூர் முத்திரை. இங்கே தபால்காரர் என்பது உங்கள் இன்டர்நெட் கம்பெனி. முத்திரை என்பது ஐ.பி. முகவரி. மாமாதான் வி.பி.என். கம்பெனி. அவருக்கு இரண்டு முகவரியும் தெரியும். மாமா எப்படிப்பட்டவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த முத்திரை எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெங்களூரில் ஒருவருக்கு 2007 ஆகஸ்ட் 31 காலை தெரிந்தது. அவர் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர். வீட்டுக் கதவைத் தட்டியது புனே போலீஸ். ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தி யாரோ எதையோ போட்டிருந்தார்கள். கூகுளிடம் போலீசார் ஐ.பி. எண் வாங்கினார்கள். அந்த எண் இன்ன நேரத்தில் யார் வீட்டில் இருந்தது என்று ஏர்டெல்லிடம் கேட்டார்கள். வந்த பதில் இவர் பெயர். பதில் தப்பு. அந்தப் படத்துக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அது தெளிந்து அவர் வெளியே வருவதற்குள் எரவாடா சிறையில் 50 நாள் கழிந்துவிட்டது.

இதில் யோசிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஐ.பி. முகவரி என்பது ஆள் அல்ல. ஒரு வேளைக்கு ஒரு இணைப்புக்குக் கொடுக்கப்படும் டோக்கன். கொடுத்த நேரம் ஒரு நிமிஷம் பிசகினாலும் டோக்கன் வேறு ஆள் கையில் இருக்கும். இன்றைக்கு நிலைமை இன்னும் சிக்கல். ஒரே ஐ.பி. எண்ணை ஏராளமான செல்போன்கள் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்கின்றன. அப்படியிருக்க, பதிவேட்டை எவ்வளவு பெரிதாக வைக்கிறோமோ அவ்வளவு நிஜம் கிடைக்கும் என்ற நம்பிக்கை மட்டும் அரசாங்கத்துக்குக் குறையவில்லை.

2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். நடத்துகிறவர்கள் தங்கள் வாடிக்கையாளரின் பெயர், சரிபார்த்த முகவரி, போன் நம்பர், கொடுக்கப்பட்ட ஐ.பி. எண்கள், எத்தனை நாளுக்கு எடுத்தார் என்பதையெல்லாம் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். எதற்காக எடுக்கிறார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். திரைச்சீலை விற்கிறவன், எதை மறைக்க வாங்குகிறீர்கள் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வது போல. சம்மதமில்லாதவர்கள் இந்தியாவை விட்டுப் போகலாம் என்று அப்போதைய ஐ.டி. துறை இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் வெளிப்படையாகவே சொன்னார். பெங்களூரிலிருந்துதான் அவர் செல்போன் தொழில் நடத்திப் பெரிய ஆளானவர். கர்நாடகத்திலிருந்து ராஜ்யசபாவுக்குப் போனவர்.

போய்விட்டார்கள். எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்ட் என்று பெரிய கம்பெனிகள் 2022 ஜூனிலேயே இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களைக் கழற்றிக்கொண்டன. செப்டம்பரில் உத்தரவு அமலுக்கு வந்தபோது புரோட்டானும் போனது. ஆனால் வாடிக்கையாளர்களை விடவில்லை. எக்ஸ்பிரஸ் வி.பி.என்.னின் பட்டியலில் இந்தியா என்ற பெயருக்குப் பக்கத்தில் 'சிங்கப்பூர் வழி' என்று போட்டார்கள். மெஜஸ்டிக் பஸ் நிலையத்து போர்டு மாதிரி. மகாதேவபுராவில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால், செய்தி கடல் தாண்டிச் சிங்கப்பூர் போய், அங்கே இந்திய முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வருகிறது. அரசாங்கம் விரும்பிய பதிவேடும் கிடைக்கவில்லை. சர்வர்களும் இங்கே இல்லை.

இந்த உத்தரவில் ஒரு விலக்கு உண்டு. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் வி.பி.என்.களுக்கு இது பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கம் வந்தது. வந்துதானே ஆகவேண்டும்? பெங்களூரின் பிழைப்பே அதில் ஓடுகிறது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து, பெல்லந்தூர் வெளிவட்டச் சாலையில் ஈ காக்கா இல்லாமல் போன வாரங்களை நினைத்துப் பாருங்கள். அத்தனை கம்பெனிகளும் ஊழியர்களின் படுக்கையறையிலிருந்து நடந்தன. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேவை செய்யும் கம்பெனிகள் வீட்டிலிருந்து வேலை வாங்க வேண்டுமானால் வைப்புத்தொகை, விசேஷ அனுமதி என்றிருந்த நிபந்தனைகளைத் தொலைத்தொடர்புத் துறை அந்த மார்ச்சிலேயே அவசரமாகத் தளர்த்தியது. கம்பெனி ரகசியம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அதே ஊழியர் ராத்திரி ஒன்பது மணிக்குக் கம்பெனி லேப்டாப்பை மூடிவிட்டுத் தன் சொந்த போனில் அதே மாதிரி ஒரு சுரங்கத்தை எடுத்தால், எதற்கு என்று கேள்வி வருகிறது.

எதற்கு? விடுதிகளில் தங்கியிருப்பவர்களைக் கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். இங்கே வராத சினிமா, இங்கே காட்டாத கிரிக்கெட் என்பது அந்தச் சிரிப்பின் அர்த்தம். மீதிப் பேருக்குக் காரணம் வேறு. நாற்பது பேருக்கு ஒரே வைஃபை, அதன் பாஸ்வேர்டு சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும். யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று விடுதிக்காரர் நினைத்தால் பார்க்கலாம். டாக்டரைத் தேடுகிற பெண்ணுக்கும், வேறு வேலை தேடுகிற பையனுக்கும் அது பிடிக்காமல் போவதில் ஆச்சரியமில்லை.

போலீசின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2023இல் மட்டும் பெங்களூரில் பதிவான சைபர் குற்ற வழக்குகள் 17 ஆயிரத்துக்கும் மேல். பெருநகரங்களில் அதுதான் முதலிடம். அதே வருஷம் டிசம்பர் 1 அன்று நகரிலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர் அலறியடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். குண்டு இல்லை. இப்படி மெயில் அனுப்புகிறவர்கள் வி.பி.என். போர்வையில் ஒளிந்துகொள்கிறார்கள் என்ற போலீசின் எரிச்சல் பொய்யல்ல. 2025 ஜூனில் பல மாநிலங்களுக்கு மிரட்டல் அனுப்பியதாகச் சென்னையில் ஒருவரை அகமதாபாத் போலீசார் கைது செய்தார்கள். வி.பி.என். பயன்படுத்தியவர், ஒரு சின்னக் கவனப்பிசகால் மாட்டினார் என்பது போலீஸ் தரப்பு. அதாவது ஐந்து வருஷப் பதிவேடு இல்லாமலும் துப்புத் துலக்க முடிகிறது.

காஷ்மீரில் கதை இன்னும் கடுமை. 2020 ஜனவரியில் அங்கே இன்டர்நெட் திரும்ப வந்தபோது அனுமதித்த தளங்கள் மட்டும் திறந்தன, ஜனங்கள் வி.பி.என். வழியே சுற்றிப் போனார்கள். பிப்ரவரியில் ஸ்ரீநகர் போலீஸ் உபா சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. மற்றபடி நாட்டில் வி.பி.என். வைத்திருப்பது குற்றமல்ல.

கப்பன் பார்க் ஓரத்தில், விதான சௌதாவுக்கு எதிரே செக்கச் சிவந்து நிற்கிறது அட்டாரா கச்சேரி. கர்நாடக உயர் நீதிமன்றம். இங்கே 1977 முதல் 1986 வரை நீதிபதியாக இருந்தவர் கே.எஸ். புட்டசாமி. ஓய்வு பெற்று கால் நூற்றாண்டு கழித்து, 86 வயதில், 2012இல் ஆதாருக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். ஆதாரை உருவாக்கிய நந்தன் நிலேகனியும் பெங்களூர்க்காரர் என்பதால், இது கிட்டத்தட்ட ஒரு ஊருக்குள் நடந்த வழக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று 2015இல் மத்திய அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் உரிமைதான் என்றார்கள். தீர்ப்பு 547 பக்கம். வி.பி.என். உத்தரவை எதிர்ப்பவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இதுதான். ஆதார் மட்டும் 2018 தீர்ப்பில் சில வெட்டுக்களோடு தப்பியது. புட்டசாமி 2024 அக்டோபரில் தமது 98வது வயதில் காலமானார்.

உரிமை கிடைத்துவிட்டது என்பதற்காகக் கண்ட செயலியை இறக்கிக்கொள்ள வேண்டாம். இலவச மாமாக்கள் ஆபத்தானவர்கள். ஒனாவோ என்ற இலவச வி.பி.என்.னை 2013இல் ஃபேஸ்புக் வாங்கியது. பாதுகாப்பு என்று சொல்லி, மக்கள் எந்தெந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று அதன் வழியே பார்த்துக்கொண்டிருந்தது. 2018இல் ஆப்பிள் தன் கடையிலிருந்து அதை நீக்க வைத்தது. எதையும் பதிவு செய்வதில்லை என்று விளம்பரம் செய்த ஹாங்காங் யு.எஃப்.ஓ. வி.பி.என்.னின் பதிவுகள் 2020இல் பூட்டில்லாத சர்வரில் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்குவதிலும், வெளியார் வந்து தணிக்கை செய்து அறிக்கை வெளியிட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குவது நல்லது.

வாங்கியபின்னும் எல்லாம் மறைந்துவிடாது. கூகுள் கணக்கில் நுழைந்தபடியே தேடினால், முத்திரை சிங்கப்பூராக இருந்தாலும் தேடியது நீங்கள்தான் என்று கூகுளுக்குத் தெரியும். 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிறவனுக்கு நீங்களே ஓ.டி.பி. சொன்னால் எந்தச் சுரங்கமும் காப்பாற்றாது. இன்னொன்று: பெரும்பாலான தளங்களில் நீங்கள் எழுதுவதும் படிப்பதும் இப்போது பூட்டப்பட்டே போகின்றன. இன்டர்நெட் கம்பெனிக்குத் தெரிவது நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதே. அது தெரிந்தால் பரவாயில்லை என்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

கெம்பேகவுடா விமான நிலையத்தில் 2022 டிசம்பரிலிருந்து 'டிஜி யாத்ரா' வாசல் இருக்கிறது. அடையாள அட்டையை எடுக்க வேண்டாம், முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். கட்டாயமில்லை, சாதாரண வரிசையும் பக்கத்திலேயே உண்டு. கையில் டிக்கெட்டும் ஆதார் அட்டையுமாக அந்த நீள வரிசையில் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் சிலர் கழுத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி அடையாள அட்டை தொங்குகிறது.