எக்ஸ்பியை விடாத நாட்கள்

விண்டோஸ் விஸ்டா வெளிவந்த 2007-இல் எங்கள் வீட்டில் இருந்தது எக்ஸ்பி சிஸ்டம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி அப்பா அசெம்பிள் செய்து வாங்கிய பென்டியம் 4. ரேம் 512 எம்பி. விஸ்டாவுக்குக் குறைந்தபட்சத் தேவையே அதுதான். அதை ஏற்றிவிட்டால் கேமுக்கு என்ன மிஞ்சும்? ஆகவே புதிதாக எந்தக் கேம் வந்தாலும் எக்ஸ்பியில்தான் ஓடியாக வேண்டும்.

அந்த வருஷம் ஹேலோ 2 கணினிக்கு வந்தது, விஸ்டாவுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. அதே கேம் 2004-இல் எக்ஸ்பாக்ஸில் ஓடியபோது அந்தப் பெட்டிக்குள் இருந்தது 733 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் 64 எம்பி ரேமும்தான். விஸ்டாவை விற்கப் போட்ட பூட்டு என்றே அப்போது பேசிக்கொண்டோம். இன்றும் என் எண்ணம் அதுதான். வெகு சீக்கிரமே சிலர் அந்தக் கேமை எக்ஸ்பியில் ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு சர்வீஸ் கடை இருந்தது. கடைக்கார அண்ணன் நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தும் எக்ஸ்பியை விடவில்லை. 2007 நவம்பரில் வந்த கிரைசிஸை அவர் சிஸ்டத்தில்தான் பார்த்தேன். எக்ஸ்பியில் அதன் உச்சபட்ச கிராபிக்ஸ் செட்டிங் மங்கலாக, கிளிக் செய்ய முடியாதபடி கிடக்கும். "முடியாதுன்னு சொல்றது கார்டு இல்ல தம்பி, மெனு" என்றார். நோட்பேடைத் திறந்து கான்ஃபிக் ஃபைலில் சில வரிகளை மாற்றினார். மறுபடி கேமுக்குள் போனபோது இலைகளுக்கு நடுவே வெயில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லாமே வெறும் பூட்டு இல்லை. கேம் கிராபிக்ஸுக்கான டைரக்ட்எக்ஸ் 10-க்கு விஸ்டாவோடு வந்த புதுவகை டிரைவர் அமைப்பு வேண்டும். அதை மட்டுமே நம்பி எழுதிய ஜஸ்ட் காஸ் 2 போன்ற கேம்களை எக்ஸ்பி தாங்காது. அதை ஏற்றுக்கொள்ள முடிந்தது. மனசு கேட்காதது மற்ற வகைதான்.

பின்னாளில் வந்த சில கேம்களை எக்ஸ்பியில் திறந்தால் ஒரு பிழைச்செய்தி வரும்: கெட்டிக்கவுண்ட்64 என்ற ஃபங்ஷன் கெர்னல்32 ஃபைலில் இல்லை. சிஸ்டத்தை ஆன் செய்து எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்று சொல்லும் ஃபங்ஷன் அது. எக்ஸ்பியிலும் அதற்கு ஒன்று உண்டு, 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் என்பதுதான் குறை. கரண்ட் கட் காலத்தில் எந்த வீட்டு சிஸ்டம் அத்தனை நாள் அணையாமல் ஓடியது? கேம் எழுதுபவர்கள் விசுவல் ஸ்டுடியோ 2012-இல் கம்பைல் செய்தாலே அந்தப் புது ஃபங்ஷன் தானாக ஒட்டிக்கொள்ளும். அந்த வருஷக் கடைசியில் வந்த அப்டேட்டில் எக்ஸ்பிக்கென்றே ஒரு செட்டிங் கொடுத்தார்கள். அதைத் தேர்ந்தெடுக்காத கேமை நாம்தான் சரிசெய்ய வேண்டும். ஹெக்ஸ் எடிட்டரில் எக்ஸ்இ ஃபைலைத் திறந்து, தலைப்பகுதியில் 6.0 என்றிருக்கும் பதிப்பு எண்ணை 5.1 ஆக்குவோம். பிறகு கெர்னல்32 என்ற பெயரை, எழுத்து எண்ணிக்கை மாறாமல், வேறொரு பெயராக்கி, விடுபட்ட ஃபங்ஷனைச் சேர்த்த டிஎல்எல் ஒன்றை அந்தப் பெயரில் பக்கத்தில் வைப்போம். கேம் ஓடும்போது வந்த சந்தோஷத்தை இன்றைய எந்தக் கார்டும் எனக்குத் தந்ததில்லை.

2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அண்ணன் எந்த ஊரில் இருக்கிறாரோ.

இன்னொரு வகைப் பூட்டும் உண்டு. 2004-இல் ஹாஃப்-லைஃப் 2-வை டிஸ்க்காக வாங்கியவர்களும் ஸ்டீம் என்ற ஆன்லைன் சேவையில் பதிந்தால்தான் ஆட முடிந்தது. 2019 ஜனவரி 1-உடன் எக்ஸ்பிக்கும், 2024 ஜனவரி 1-உடன் விண்டோஸ் 7-க்கும் ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. கேம் எந்த சிஸ்டத்துக்காக வந்ததோ, அதில் அதைத் திறக்கும் வாசலே அடைபட்டுப்போனது. எக்ஸ்இ ஃபைலைத் திருத்தி ஓட்டிவிடும் விவகாரம் இல்லை இது.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேம் டிஸ்க்குகள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஜிஓஜி போன்ற தளங்களில் வாங்கிய கேம் என்றால், இன்ஸ்டாலரை இப்போதே இறக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பழைய சிஸ்டத்தை நெட்டில் மட்டும் இணைக்காதீர்கள்.