பின்னணிக் குரல்

குழந்தைகளுக்கென்று எடுக்கப்படும் பிராணிப் படங்களைப் பற்றி நம்மிடையே யாரும் எழுதுவதில்லை. விமர்சனத்துக்குத் தகுதியானவை அல்ல என்ற எண்ணம். ஆனால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பது மட்டும் நடக்கிறது. ஒரு சமூகத்தின் ரசனை, அது விழிப்போடு இருக்காத இடங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது என்பது என் அபிப்ராயம்.

பெரக்கரை நாட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழு வயது மகளுடன் 'மைலோ அண்டு ஓட்டிஸ்' பார்த்தேன். மைலோ என்ற பூனைக்குட்டி ஒரு பெட்டிக்குள் ஏறி ஆற்றோடு போய்விடுகிறது. ஓட்டிஸ் என்ற பக் இன நாய்க்குட்டி அதைத் தேடிக் காட்டுக்குள் ஓடுகிறது. கரடி வருகிறது, கடல் வருகிறது, பனி வருகிறது. திரையில் மனிதர் ஒருவர்கூட இல்லை; ஒரு மனிதக் குரல் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. பூனை செங்குத்தான பாறையிலிருந்து கடலில் விழுந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, இது நெஜமாவே விழுந்துச்சா?"

"ஆமா" என்றேன். வேறு பதில் இல்லை. நடிகன் விழுந்தால் அது பாவனை. அவன் எழுந்து வீட்டுக்குப் போவான் என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் நாடகக் கலையே நிற்கிறது. பிராணி இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அதற்கு விழுவது விழுவதுதான், பயம் பயம்தான். அதன் பயத்துக்கு மேல் நம் கதை ஒட்டப்படுகிறது.

ஒட்டப்படுகிறது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இது 1986இல் ஜப்பானில் வெளிவந்த படம். இயக்கியவர் மசனோரி ஹதா. விலங்கியல் படித்தவர், எழுத்தாளர், ஹொக்கைடோவில் ஏராளமான பிராணிகளோடு வாழ்ந்தவர். உடன் பணியாற்றியவர் கோன் இச்சிகாவா. அந்த மூலத்தில் ஷுண்டாரோ தனிகாவாவின் கவிதைகள் வாசிக்கப்பட்டன. 1989இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது படத்தைக் குறைத்து, டட்லி மூர் என்ற நகைச்சுவை நடிகரின் குரலைச் சேர்த்தார்கள். பிராணிகளின் பெயர்களும் மாறின. அதே பிம்பம், அதே நாய்க்குட்டி. அங்கே கவிதை, இங்கே வேடிக்கை. இரண்டையும் நாய் மறுக்கவில்லை. அதனால் மறுக்க முடியாது. படப்பிடிப்பில் பிராணிகள் துன்புறுத்தப்பட்டதாக 1990இல் ஆஸ்திரேலியாவில் புகார் எழுந்தது, நிரூபிக்கப்படவில்லை. புகாரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பேசாத ஒன்றின் வாயில் பேச்சை வைப்பது எந்த அளவுக்கு நியாயம் என்ற கேள்வி நிற்கிறது.

நம்முடைய மரபு வேறு மாதிரி. சாண்டோ சின்னப்பா தேவர் 1956இல் 'தாய்க்குப்பின் தாரம்' படத்தில் காளையோடு ஆரம்பித்தார். 1971இல் இந்தியில் யானை, 1972இல் 'நல்ல நேரம்' படத்தில் மறுபடி யானை, 1977இல் 'ஆட்டுக்கார அலமேலு'வின் ஆடு. தேவர் தம் பிராணிகளைப் பேசவைக்கவில்லை. பதிலாக தர்மத்தைச் சுமக்க வைத்தார். அவை எஜமானைக் காப்பாற்றும், வில்லனைத் தண்டிக்கும், தெய்வத்தின் கையாளாக நடந்துகொள்ளும். தனக்கென்று ஒரு பசியோ திசையோ அவற்றுக்கு இல்லை. 2022இல் வந்த 'ஓ மை டாக்' படத்திலும் இதன் வாரிசைக் காணலாம். பார்வையற்ற நாய்க்குட்டிக்குச் சிகிச்சையால் கண் கிடைக்கிறது. கிடைத்ததும் அது வந்து சேரும் இடம் போட்டி மேடை.

இதில் சட்டம் கலையைவிட முன்னால் போயிருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பிறகு 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அவர் தலைமையில் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. 1998இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாதென்று அரசு அறிவித்தது. நாட்டியத்தில் பாவனையை வாழ்நாள் முழுதும் பயின்ற ஒருவர், பாவனை செய்யத் தெரியாதவற்றுக்காக எழுந்து நின்றது தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். காட்டுப்பன்றிக்காக இரவில் காவல் இருக்க வேண்டும். பெரிய நாய்கள் இரண்டு அவரோடு போகும். சென்ற ஐப்பசியில் அவற்றின் பின்னால் போன ஐந்து மாதக் குட்டி ஒன்று திரும்பவில்லை. மூன்றாம் நாள் விடியலில் திண்ணைக்குக் கீழே கிடந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. அவர் மஞ்சளைக் குழைத்துப் பூசினார், கொஞ்சம் களி போட்டார். நான் விசாரித்தபோது, "போச்சு, வந்துருச்சு சார். எங்க போனேன்னு அது சொல்லுமா?" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. அந்தக் குட்டி அதன் பிறகு வாசலில் படுப்பதில்லை. காட்டைப் பார்த்த பக்கமாக, வேலியோரம் படுக்கிறது. அது பயமா, ஆசையா என்று எனக்குத் தெரியாது. அவரும் சொல்ல முற்படவில்லை. அன்பு குறைவு என்று இதை எண்ணுவது நகரத்து மனம். அந்த மூன்று நாட்களை அவர் குட்டியிடமே விட்டுவைத்தார்.

கொல்லிப்பாவையைச் சங்கப் பாடல்கள் அறியும். உயிரில்லாத பாவை, உயிருள்ளதுபோல் சிரித்துக் கொல்லும் என்பது இந்த மலையின் ஐதீகம். சினிமாவின் நாய்க்குட்டி இதற்கு நேர்மாறு. உயிருள்ளது அங்கே பாவையாகிறது, சிரிப்பது நாம்.

பிறகு ஒருநாள் சப்தத்தை அணைத்துவிட்டு அந்தப் படத்தைத் தனியாகப் பார்த்தேன். கதை அநேகமாக மறைந்துபோயிற்று. ஆற்றங்கரையில் நாய்க்குட்டி நிற்கிறது. விலா ஏறி இறங்குகிறது. தண்ணீரை முகர்கிறது, பின்வாங்குகிறது, திரும்பிப் பார்க்கிறது. எதைப் பார்க்கிறது என்பது சட்டகத்துக்கு வெளியே இருக்கிறது. கேமரா பக்கத்தில் நிற்கும் மனிதனாகவும் இருக்கலாம். ஹதா எடுத்தவற்றில் சிறந்தவை இந்தச் சில கணங்கள்தான். குரல் இருந்தபோது இவற்றை நான் பார்க்கவே இல்லை.

நாவலிலும் கவிதையிலும் நாம் ஏழைக்கு, பைத்தியத்துக்கு, குழந்தைக்கு, மலைவாசிக்குக் குரல் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். கொடுக்கிற குரல் பெரும்பாலும் டட்லி மூருடையது. சற்று நேரம் அதை அணைத்துவைத்தால் எதிரே இருப்பது என்ன செய்கிறது என்றாவது தெரியும்.