சாக்பீஸுக்குக் கிடைத்த தங்கச் சிங்கம்!

வெனிஸில் படகுதான் டவுன் பஸ்! ‘ஜார்தீனி’ பூங்காவில் இறங்கினால், நாட்டுக்கு ஒரு கட்டடம். 1895-ல் பிறந்த ‘பினாலே’ கலைக் கண்காட்சியின் வீடு இது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருவிழா.

1968-ல் இங்கே மாணவர்கள் போராட்டத்தில் குதிக்க, போலீஸ் குவிய... அடுத்த முறையிலிருந்து பரிசே கட்! 1986-ல்தான் ‘தங்கச் சிங்கம்’ என்று திரும்பி வந்தது.

2024-ல் சிறந்த நாட்டு அரங்குக்கான சிங்கம், முதன்முறையாக ஆஸ்திரேலியாவுக்கு. ஆர்ச்சி மூர் என்ன பண்ணினார் தெரியுமா? கறுப்புச் சுவர் முழுக்க, தன் பழங்குடி வம்சாவளியை சாக்பீஸால் கையாலேயே எழுதினார். 65,000 வருஷக் கதை! நடுவே தண்ணீர் சூழ, கத்தை கத்தையாகக் காகிதங்கள். காவலில் இறந்த பழங்குடியினர் பற்றிய விசாரணை அறிக்கைகள்.

சாக்பீஸ் எழுத்துதானே, ஒரு டஸ்டர் போதும்... எல்லாம் காலி. ஒரு இனத்தோட ஞாபகமும் அப்படித்தான்னு அந்தச் சுவர் சொல்லாமல் சொல்லுச்சு!