கட்டியதையே கட்டினால் என்ன?

சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் செப்டம்பரிலேயே ஏறிவிடும். கொஞ்ச நாளில் கேம்பல் லேனில் சந்தைக் கூடாரங்கள் முளைக்கும். ஊரில் எங்களுக்குப் புதுத்துணி என்றால் தீபாவளி, பொங்கல். வீட்டில் கல்யாணம் வந்தால் இன்னொன்று. சிங்கப்பூரில் கணக்கே வேறு. சீனப் புத்தாண்டுக்குச் சைனாடவுனில் தள்ளுபடி, நோன்புப் பெருநாளுக்குக் கேலாங் சிராயில் தள்ளுபடி, கிறிஸ்துமஸுக்கு ஆர்ச்சர்ட் சாலை முழுக்கத் தள்ளுபடி. இடையில் 9.9, 10.10, 11.11 என்று நாளும் மாதமும் ஒன்றாகும்போதெல்லாம் ஷாப்பியும் லசாடாவும் கைப்பேசியைத் தட்டி எழுப்பும். எல்லா இனத்தாரின் பண்டிகையும் நம் பண்டிகைதான் என்பதை இந்த ஊரில் முழுமனதோடு நம்புகிறவர்கள் கடைக்காரர்கள்.

துணி மீதுள்ள நம் ஆசையை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. சிராங்கூன் சாலையின் வரலாற்றிலேயே ஜவுளி இழையோடுகிறது. பி. கோவிந்தசாமிப் பிள்ளை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கையில் காசில்லாமல் கப்பலேறி வந்தவர். கடைச் சிப்பந்தியாக இருந்து, பிறகு இதே சாலையில் பேர்பெற்ற ஜவுளி வியாபாரி ஆனார். ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு அவர் பெயர்தான். இன்று எதைக் கேட்டாலும் கிடைக்கும் முஸ்தபா சென்டரும் 1971இல் கேம்பல் லேனில் ஆயத்த ஆடை விற்ற சின்னக் கடையில் தொடங்கியதுதான். இரண்டுக்கும் நடுவே 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் துணிப் பஞ்சம் வந்தது. சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளுக்குப் புதுத்துணி என்பது பிழைத்துக் கிடந்ததற்கான சாட்சி. அவர்கள் வருசத்துக்கு ஒன்று வாங்கிக் கொண்டாடினார்கள். நாம் வாரத்துக்கு ஒன்று வாங்கிவிட்டு, கொண்டாட நேரமில்லாமல் இருக்கிறோம்.

ஏன் இவ்வளவு வாங்குகிறோம்? விலை மலிவு, விளம்பரம் என்றெல்லாம் சொல்லலாம். இங்குள்ள தமிழர்களைப் பொறுத்தவரை உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். நாம் சின்னக் கூட்டம். காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், அரங்கேற்றம், தைப்பூசப் பால்குடம் என்று எங்கே போனாலும் அதே முகங்கள். போன மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான் இந்த மாதமும் பக்கத்தில் உட்காருவார். பந்தி முடிவதற்குள் படங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். அங்கிருந்து ஊரிலிருக்கும் நாத்தனாருக்கு. “இது பாப்பா காதுகுத்துக்குக் கட்டினதுதானே?” என்று யாரோ ஒருவர் கேட்பார். பெரும்பாலும் அது அன்பான கேள்வி, புடவை நினைவிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் கேட்கப்படுகிறவள் காதில் அது வேறு மாதிரி விழும். வெளிநாட்டில் இருந்தும் இவளுக்கு வேறு புடவை இல்லையா என்று விழும். அடுத்த விசேஷத்துக்கு அவள் புதிது வாங்கிவிடுவாள்.

‘வெளிநாட்டில் இருந்தும்’ என்ற அந்த இரண்டு சொல்லுக்காக நாம் செலவழித்த வெள்ளியைக் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

போதாததற்கு ஊருக்குப் போனால் இன்னொரு வேட்டை. திருச்சியில் இறங்கினால் என்.எஸ்.பி. சாலை, சென்னையில் இறங்கினால் தி.நகர். அங்கே பத்துப் புடவையின் விலை இங்கே இரண்டின் விலை என்று கணக்குப் போட்டுப் பெட்டியை நிறைப்போம். எடை கூடினால் கவுன்ட்டரில் பெட்டியைத் திறந்து, ஊறுகாயை எடுத்துக் கைப்பையில் திணிப்போமே தவிர, புடவையை எடுக்க மாட்டோம். வாங்கி வந்ததெல்லாம் போய்ச் சேருவது ஓர் அடுக்குமாடி வீட்டின் அலமாரிக்குள்.

அந்த அலமாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பருவம் என்று ஒன்றில்லை. வருசம் முழுக்கப் புழுக்கம்தான். கோட்டும் கம்பளியும் தேவைப்படாத ஊர் என்பதால் துணிச் செலவு குறையும் என்று யாராவது நினைத்தால் ஏமாந்து போவார்கள். வெளியே 32 டிகிரி, அலுவலகத்துக்குள் விறைக்கும் குளிர். வெயிலுக்கு ஒன்று, ஏர்கானுக்கு ஒன்று என்று வாங்கத் தோன்றும். வாங்கியதை அடுக்கினால் ஈரக்காற்று விடாது. மடித்து வைத்த பட்டுப் புடவையை நாலைந்து மாதம் கழித்துப் பிரித்தால் சரிகை கறுத்திருக்கும், மடிப்பில் பழுப்பாகப் புள்ளி விழுந்திருக்கும். அதனால் இங்கே வீட்டுக்கு வீடு அலமாரிக்குள் ‘தேர்ஸ்டி ஹிப்போ’ என்ற ஈரம் உறிஞ்சும் டப்பா இருக்கும். வைக்கும்போது வெள்ளை உப்பு மணிகளாக இருப்பது, சில வாரங்களில் டப்பா நிறையத் தண்ணீராகிவிடும். கட்டாத புடவைகளைக் காக்க, காற்றிலிருக்கும் தண்ணீரைக் காசு கொடுத்து வடிகட்டிக்கொண்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை கட்டி, காற்றாட உலர்த்தி, மடிப்பை மாற்றி வைக்கிற புடவைக்கு இந்தத் தொல்லை குறைவு. பட்டுக்கு நல்ல வைத்தியம் அதைக் கட்டுவதுதான்.

“எனக்கு வேண்டாமென்றால் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்” என்பது நம் மனச்சாட்சிக்கு நாம் ஊட்டும் தூக்க மருந்து. முன்பெல்லாம் இது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. புளோக்குக்குக் கீழே ஹாரன் அடித்துக்கொண்டு கருங்குனிக்காரர் வருவார். பழைய செய்தித்தாள், பழைய துணி, ஓடாத ரேடியோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். அப்படிச் சேர்ந்தவற்றில் ஒரு பகுதி லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே இருந்த சுங்கை ரோடு பழைய பொருள் சந்தைக்கு வரும். தரையில் விரித்த தார்ப்பாயில் ஓரிரு வெள்ளிக்குச் சட்டை கிடைக்கும். 1930களிலிருந்து நடந்துவந்த அந்தச் சந்தையை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். விடுமுறை நாளில் அங்கே சட்டை பொறுக்கிய வெளிநாட்டு ஊழியர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

இப்போது இருப்பவை பழைய பொருள் சேகரிக்கும் பெட்டிகள். கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிறோம். பெட்டிக்குள் போட்டது எங்கே போகிறது என்று அறிய ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். பழைய காலணிகளை அரைத்து விளையாட்டுத் திடல்களுக்கும் ஓடுபாதைகளுக்கும் தளம் போடுவதாக இங்கே ஒரு திட்டம் நடந்தது. அந்தச் சேகரிப்புப் பெட்டிகளில், அடிப்பாகத்தில் கண்காணிப்புக் கருவியை ஒளித்துவைத்த 11 ஜோடிக் காலணிகளைப் போட்டார்கள். 2023 பிப்ரவரியில் வெளியான அவர்கள் கட்டுரையின்படி, ஒரு ஜோடிகூடத் திடலாகவில்லை. பழைய பொருள் ஏற்றுமதியாளர் கைக்குப் போய், கடல் தாண்டி, இந்தோனேசியச் சந்தைகளில் சில ஜோடிகள் கிடைத்தன. பழைய துணி இறக்குமதிக்கே தடை போட்டிருக்கிற நாடு இந்தோனேசியா. நாம் தானம் என்று நினைத்துப் போடுவது, இன்னொரு ஊரில் கள்ளச் சரக்காகக்கூட இறங்கலாம்.

பெட்டிக்கும் போகாதவை குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. தேசியச் சுற்றுப்புற அமைப்பின் கணக்குப்படி 2022இல் சிங்கப்பூரில் சேர்ந்த துணி, தோல் கழிவு ஏறக்குறைய 2,54,000 டன். மறுசுழற்சிக்குப் போனது அதில் 2 விழுக்காடு அளவுதான். தொழில்துறைக் கழிவும் சேர்ந்த கணக்கு இது என்றாலும், மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 45 கிலோ வருகிறது. ஊருக்குப் போகும்போது நமக்குக் கிடைக்கும் 30 கிலோ பெட்டியைவிட ஒன்றரை மடங்கு. மீதியெல்லாம் எரியாலைக்குப் போய்ச் சாம்பலாகி, படகில் ஏறி, 1999இல் திறந்த செமகாவ் தீவில் கொட்டப்படுகிறது. நாட்டிலிருக்கும் ஒரே குப்பை நிலம் அது. இந்த வேகத்தில் போனால் 2035வாக்கில் நிறைந்துவிடும் என்கிறது அரசாங்கம்.

நூலின் மறுமுனை நம் ஊரில் இருக்கிறது. ஆர்ச்சர்ட் சாலைக் கடையில் மடித்துவைத்த டி-சர்ட்டின் கழுத்துப்பட்டையைத் திருப்பினால் பல நேரம் ‘இந்தியாவில் செய்தது’ என்றிருக்கும். பின்னலாடை என்றால் திருப்பூராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட சட்டைகளுக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் நொய்யல் ஆற்றில் ஓடியது. 1992இல் பாசனத்துக்காக அந்த ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனது. எங்களுக்கு அணைத்தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஐந்து வெள்ளிக்கு மூன்று என்று நாம் அள்ளிக்கொண்டு வரும் சட்டைக்கு மீதி விலையைக் கொடுத்தவர்கள் ஈரோடு, கரூர்ப் பக்கத்துக் கிணறு வைத்திருந்தவர்கள்.

இதற்காக நாளை முதல் காவி கட்டச் சொல்லவில்லை. அலமாரியில் இருப்பதை அனுபவிக்கலாம் என்கிறேன். அதற்கு இந்த ஊரில் நல்ல இடம் தேக்கா. கீழே மீனும் ஆட்டிறைச்சியும் விற்கிற சந்தை, பக்கத்தில் உணவுக் கடைகள், மாடியில் துணிக்கடைகளும் தையற்காரர்களும். எல்லாரும் மேலே புதுத்துணி பார்க்கப் போவார்கள். நான் பழைய துணியை எடுத்துக்கொண்டு போவேன். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒரு தையற்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலை விரலால் நெருடிப் பார்த்தார். “உள்ள முக்கா இன்ச் துணி விட்டுத் தைச்சிருக்காங்க அக்கா. ஊர்த் தையல்தானே? இப்பல்லாம் யாரும் இப்படி விடறதில்ல” என்றார். பிளேடு முனையால் நூலைப் பிரித்ததும் உள்ளே ஒளிந்திருந்த துணி வெளியே வந்தது. வெளிப்பக்கம் மயில்கழுத்து நிறம் மங்கியிருக்க, உள்ளே வாங்கிய அன்றைய நிறம். “ரெண்டு கலரா தெரியுமே அண்ணே?” என்றேன். “கைக்குக் கீழதானே வருது? கையத் தூக்கி நீங்க ஓட்டா போடப்போறீங்க?” என்றார். புதுப் புடவைக்கான செலவில் சிறு பங்குதான் ஆனது. ஒரு பட்டுப்புடவை மறுபடி புழக்கத்துக்கு வந்தது.

இதுபோலச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஃபால்ஸ் நைந்தால் மாற்றலாம். முந்தானை கிழிந்த பட்டைப் பெண்ணுக்குப் பாவாடையாக்கலாம். ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்கு ஒவ்வொரு வருசமும் பிள்ளைகளுக்குப் பாரம்பரிய உடை தேடி அலைகிறோம். ஒருநாள் போட்ட ஜிப்பா அடுத்த வருசம் போதாது. ஒரே புளோக்கில் இருக்கும் நாலு குடும்பங்கள் பேசிவைத்துக்கொண்டால், ஒரு பட்டுப் பாவாடை ஐந்தாறு பெண்பிள்ளைகளை அலங்கரிக்கும். அக்கா பாவாடை தங்கைக்கு வருவது நாம் வளர்ந்த முறைதானே. வாங்கியே ஆக வேண்டுமென்றால் வாட்டர்லூ ஸ்திரீட்டில் பெண்கள் அமைப்புகளின் மன்றம் நடத்தும் நியூ டு யூ கடை லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரம்தான். யாரோ ஒருமுறை போட்ட நல்ல உடுப்புகள் அங்கே கிடைக்கும்.

அனுபவிப்பது என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பருத்தி, துவைக்கத் துவைக்கத்தான் பக்குவப்படும். கடையில் மொடமொடவென்று நிற்கும் மதுரைச் சுங்குடி, சில வெளுப்புகளுக்குப் பிறகுதான் உடம்போடு இழையும். கொசுவம் சொன்னபடி விழும். எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்துபோகும் வெயிலில் அது தரும் சுகத்தை எந்தப் புதுப் பாலியெஸ்டரும் தராது. அந்தப் பதத்துக்கு வருவதற்குள் துணியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை வாங்குகிறவர்கள், துணியின் நல்ல பகுதியைப் பார்க்காமலே போகிறார்கள்.

நாம் வாங்கவில்லை என்றால் சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடகை ஒரு பக்கம், இணைய வியாபாரம் ஒரு பக்கம் என்று அவர்கள் திணறுவது தெரிந்ததுதான். ஆனால் அவர்கள் வயிற்றில் அடிப்பது நம் சிக்கனம் இல்லை, கைப்பேசியில் நள்ளிரவில் வாங்கும் பத்து மலிவுச் சட்டைகள். அந்தப் பத்துக்குப் பதில், தறிக்காரர் நெய்த ஒன்றை, தொட்டுப் பார்த்து, முந்தானையை விரித்துப் பார்த்து, அவர்களிடமே வாங்கலாம். இருபது வருசம் கட்டலாம்.

எல்லாவற்றுக்கும் முதலில் மாற வேண்டியது விசேஷ வீட்டில் நம் வாய். அடுத்த முறை யாராவது ஏற்கெனவே பார்த்த புடவையில் வந்தால், “போன தடவையும் இதுதானே?” என்று கேட்காதீர்கள். “இந்தப் புடவை உனக்கு எடுப்பா இருக்கு” என்று மட்டும் சொல்லுங்கள். நீங்களும் ஒருமுறை கட்டியதையே கட்டிக்கொண்டு போங்கள். பத்துப் பேர் துணிந்தால் போதும், மீதிப் பேர் நிம்மதிப் பெருமூச்சோடு பின்னால் வருவார்கள்.